அலுவலகத்து அரிச்சந்திரர்கள்

என்னோடு வேலை பார்த்த ஒரு சீனியருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அரிச்சந்திரன். பயணப் பில்லில் நடக்காத செலவு ஒன்றை எழுதமாட்டார். அலுவலக பிரிண்டரில் சொந்த வேலைக்கு ஒரு தாள் எடுத்ததில்லை. எல்லாம் நல்ல குணம்தான். ஆனால் அதைச் செய்துவிட்டு, "நான் என்னை மட்டும்தான் சொல்றேன், மத்தவங்க எப்படியோ" என்பார். அறை முழுக்கக் கேட்கும்.

இவரைப் போலிகளோடு சேர்க்க முடியாது. 'யோக்கியன் வர்றான், சொம்பைத் தூக்கி உள்ளே வை' என்பது வேஷக்காரர்களுக்கான பழமொழி. கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் சாடுவதும் அவர்களைத்தான். இவரோ சொன்னபடியே நடந்தவர். கலைப்பதற்கு வேஷம் எதுவும் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேச்சில் 'சுயநீதி' என்று ஒரு சொல் உண்டு. தன் ஒழுக்கத்தைத் தானே மெச்சி, அந்த உயரத்திலிருந்து மற்றவர்களைப் பார்ப்பது. அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சொல்.

வேலைக்கு இதனால் நிஜமான நஷ்டம் இருந்தது. கணக்கில் ஓர் எண் தவறினால் அவரிடம் காட்டிய மாத்திரத்தில் சரியாகிவிடும், அவ்வளவு திறமைசாலி. கூடவே உபதேசமும் வரும் என்பதால் யாரும் காட்டமாட்டார்கள். சின்னப் பிழைகள் மாதக் கடைசிவரை ஒளிந்திருந்து, பெரிதாகி வெளியே வரும். அவருக்கு மட்டும் அலுவலகம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றியது, பாவம்.

ஆனால் இந்தப் பட்டத்தைக் கொடுக்கிறவர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எண்ணாத சரக்கின் இருப்புத் தாளில் கையெழுத்துப் போட முடியாது என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் மறுத்தார். யாருக்கும் புத்தி சொல்லவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அன்று சாயங்காலமே, "வந்துட்டாங்கய்யா அடுத்த அரிச்சந்திரன்!" என்று பேச்சு கிளம்பிவிட்டது.

உளவியலாளர் பெனுவா மோனின் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதோடு ஒத்துப்போகிறது. தவறான ஒரு காரியத்தைச் சொன்னபடி செய்து முடித்தவர்களுக்கு, அதையே மறுத்த ஆளைப் பிடிக்கவில்லை. அதில் சம்பந்தப்படாமல் வெளியிலிருந்து பார்த்தவர்கள் மறுத்தவரைத்தான் மதித்தார்கள். எங்கள் இடத்திலும் அதிகம் கிண்டலடித்தவர்கள் முந்தைய இருப்புத் தாள்களில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பது அநியாயம். சீனியரின் பேச்சு எங்கே தொடங்கினாலும் 'நான்' என்பதில்தான் போய் முடியும். அந்தப் பெண் பேசியது அந்தத் தாளைப் பற்றி மட்டும்தான். சரக்கை எண்ணி முடித்ததும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.