அப்பாவின் ட்ரங்குப் பெட்டிகள்

2016-இல் அப்பா காலமான பின் வீடு, நிலம் பற்றி எங்களுக்குள் எந்தப் பிணக்கும் எழவில்லை. மூன்று ட்ரங்குப் பெட்டிகளை என்ன செய்வது என்பதிலேயே நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஐந்து சிறுகதைத் தொகுதிகள் எழுதிய அவர், தம் எழுத்தைப் பற்றி எங்கும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பெட்டிகளுக்குள் கைப்பிரதிகள், நாட்குறிப்புகள், அச்சேறாத நாவல் ஒன்று, நூற்றுக்கணக்கான அஞ்சலட்டைகள், இன்லண்ட் கடிதங்கள், அவற்றினூடே இராமபாணப் பூச்சிகள்.

முதல் தவறு என்னுடையது. கட்டுகளைப் பிரித்து, எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அடுக்கினேன். நாடக நோட்டீசுகளையும் ரசீதுகளையும் பழைய பேப்பர்க்காரருக்கென ஒதுக்கினேன். பின்னர் சென்னையில் ஓர் ஆய்வு நூலகத்தை அணுகியபோது, அங்கிருந்த ஆவணக் காப்பாளர் அம்மையார் நான் அடுக்கிய அழகைப் பார்த்து வருந்தினார். எந்தக் கடிதம் எந்தக் கதையின் பிரதியோடு கட்டப்பட்டிருந்தது என்பதே ஒரு சான்று என்றும், அந்த வரிசை குலைந்தால் மீளாது என்றும் விளக்கினார். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994-இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானதையும், அச்சேகரிப்பில் நோட்டீசுகளுக்கும் அழைப்பிதழ்களுக்கும் இடமிருப்பதையும் அவர் சொன்ன பிறகுதான் ஒதுக்கிய மூட்டையை மீட்டேன். துருவேறிய ஜெம் கிளிப்புகளைக் கழற்றினோம். கிழிசல்களில் செல்லோடேப் ஒட்டக் கூடாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

தாள் ஒரு சொத்து, அதிலுள்ள சொல் வேறொரு சொத்து என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அப்பா வாழ்நாளில் வெளியிட்ட கதைகளின் உரிமை 2076 இறுதிவரை வாரிசுகளுக்கு உண்டு. அச்சேறாத நாவலுக்கோ, அது வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டுகள் எண்ணப்படும். அவருக்கு வந்த கடிதங்களின் தாள் எங்களுடையது, வாசகம் எழுதியவர்களுடையது. ஆகவே அவற்றை நூலகத்துக்குத் தரலாம், ஆனால் அச்சிட அவர்களுடைய அல்லது அவர்தம் வாரிசுகளுடைய இசைவு வேண்டும். வாரிசுச் சான்றிதழைப் பெற்று, அம்மா, அக்கா, நான் மூவரும் கையொப்பமிட்ட கொடைப் பத்திரத்தில் தாள்களை மட்டும் கொடுத்தோம். பதிப்புரிமை எங்களிடமே உள்ளது.

நாட்குறிப்புகளே பெருஞ்சிக்கல். அம்மாவைப் பற்றிக் கடுமையான பக்கங்கள் இருந்தன. எரித்துவிடலாம் என்றாள் அக்கா; நானும் ஏறத்தாழ இசைந்தேன். அம்மாதான் மறுத்தார். புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து நூலானதை நினைவூட்டி, "நான் போன பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், இப்போது வேண்டாம்" என்றார். அதை ஒட்டி, அம்மாவின் காலத்திலும் அதன்பின் பத்தாண்டுகள்வரையும் அந்த ஏழு குறிப்பேடுகளை எவருக்கும் காட்டலாகாது என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்தோம். அவை முத்திரையிட்ட உறையில் உள்ளன.

பட்டியலிடும் பணி இன்னும் முடியவில்லை. இதுவரை தயாரான பகுதியின் முதல் பக்கத்தில், மூல வரிசை குடும்பத்தாரால் மாற்றப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறது. அதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டவன் நான்தான்.