கூடுதலாக ஓர் அண்டா

எங்கள் ஊர் நகரத்தார் சங்கத்தில் காரியக்காரர் பதவிக்குப் போட்டி வந்ததே கிடையாது. கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அந்த வருஷம் கூட்டத்தன்று எனக்குச் சென்னையில் காய்ச்சல். படுத்துக்கொண்டே வாட்ஸ்அப்பைத் திறந்தால், ஊர்க் குழுவில் முப்பது பேர் பூங்கொத்து போட்டிருக்கிறார்கள். யாருக்கோ பேரன் பிறந்திருக்கிறான் போல என்று நினைத்து நானும் ஒரு பூங்கொத்து போட்டேன். அதையே என் சம்மதமாக எடுத்துக்கொண்டு தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள்.

மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். செட்டிநாட்டில் நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, இன்றைக்கு 76 ஊர். கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு ‘புள்ளி’. நீங்கள் என்ன படித்தீர்கள், எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பதெல்லாம் அப்புறம். கல்யாணம் ஆகி, புள்ளியாகப் பதிந்தால்தான் கணக்கில் ஏறுவீர்கள். எங்கள் ஊருக்கு 143 புள்ளி. அதில் ஊரிலேயே அடுப்பு எரிகிற வீடு 17. மிச்சமெல்லாம் சென்னை, கோவை, பெங்களூர், சிங்கப்பூர் என்று போய், பூட்டின வீட்டுக்கு வெள்ளையடிக்க மட்டும் பணம் அனுப்புகிறவர்கள்.

காரியக்காரரின் முதல் வேலை புள்ளி வரி வசூல். புள்ளிக்கு 1,500 ரூபாய். ஊரில் இருக்கும் 17 வீட்டிலும் கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டார்கள். மூன்று கார் வைத்திருக்கிற ஓர் அண்ணனுக்கு மட்டும் ஒன்பது தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஜிபேயில் 1,501 அனுப்பினார். மொய் எழுதிய பழக்கம், பூஜ்யத்தில் முடிக்கக் கை வரவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் கணக்குப்பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது. எழுபத்தாறு வயது, இன்னும் பேரேட்டைக் கையால்தான் எழுதுவார்.

“அந்த ஒரு ரூபாய எதுல வரவு வைக்கிறது?”

“விடுங்கண்ணே, ஒரு ரூபாய்தானே.”

“கொறஞ்சாத்தான் தப்புன்னு நெனைக்காதீக. கூடுனாலும் தப்புத்தான்.”

நன்கொடை என்று தனியாக ஒரு ரசீது போட்டு, அதைச் சென்னைக்குத் தபாலில் அனுப்பினோம். தபால் செலவு ஐந்து ரூபாய். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாக்கியம் என்னை வருஷம் முழுக்கத் துரத்தப்போகிறது என்று தெரியாது.

மே மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். பிள்ளைகளுக்கு லீவு என்பதால் அப்போதுதான் நாலு பேர் ஊருக்கு வருவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் என்பதால் வந்த நாலு பேரும் சீக்கிரம் கலைந்துவிடுவார்கள் என்பது இன்னொரு வசதி. கூட்டத்துக்கு முன்னால், எங்கள் சங்கத்து நகர விடுதியில் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிற பாத்திரங்களின் இருப்பை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் ஏறி, இரவு காரைக்குடியில் இறங்கி, மறுநாள் காலையிலேயே பாத்திர அறைக்குள் புகுந்தேன். நான், கணக்குப்பிள்ளை, விடுதிக் காவலாளி, ஒரு டார்ச் லைட்.

வாளி மூன்று குறைந்தது. கரண்டி பதினொன்று குறைந்தது. ஒரு ஜமுக்காளம் இல்லை. தேங்காய்த் துருவி இருந்தது, பல் இல்லை. இதையெல்லாம் கணக்குப்பிள்ளை கண்டுகொள்ளவே இல்லை. நூறு கல்யாணத்துக்குப் போய்வந்த பாத்திரம், தேய்மானம் இல்லாமல் இருக்குமா என்று எழுதிக்கொண்டே போனார். பெரிய பித்தளை அண்டாவுக்கு வந்தபோதுதான் பேனா நின்றது.

பேரேட்டில் 5. அறையில் 6.

மறுபடி எண்ணினோம். காவலாளி ஒவ்வோர் அண்டாவையும் தட்டித் தட்டி எண்ணினார். ஆறாவது கொஞ்சம் வேறு மாதிரி சத்தம் போட்டது. வாளி கூடுதலாக இருந்தால் யாரோ கைமறதியாக வைத்துவிட்டுப் போனார்கள் எனலாம். இது இருநூறு பேருக்குச் சோறு வடிக்கிற அண்டா. உள்ளே ஒரு பையனை உட்காரவைத்து மூடிவிடலாம். இரண்டு ஆள் பிடித்து, ஒரு குட்டியானை வண்டி வைத்தால்தான் இடம் மாறும். இதை ஒருத்தர் எப்படி மறப்பார்?

அதைக் கவிழ்த்து வாசலுக்கு உருட்டி வந்தோம். இரண்டு பக்க வளையத்தில் ஒன்று பித்தளை, இன்னொன்று போன இடத்தில் தடித்த கம்பியை வளைத்துக் கட்டியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே ஏதோ எழுத்து. எங்கள் பக்கத்தில் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் விலாசம், அதாவது அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் பெயரின் முதலெழுத்துகள், வெட்டியிருக்கும். இதிலும் இருந்தது, ஆனால் கறுத்துப்போய்க் கிடந்தது. காவலாளி சமையல்கட்டிலிருந்து ஒரு கை பழைய புளி கொண்டுவந்தார். நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, பொட்டுப் பொட்டாகக் கொத்திய எழுத்து மஞ்சளாக எழும்பி வந்தது. முதலில் ‘ராம.’ சந்தோஷப்பட்டேன். அதற்கடுத்த எழுத்து ‘சு’வா ‘க’வா என்று தெரியவில்லை. மூன்றாவது முழுதும் தேய்ந்துபோயிருந்தது.

எங்கள் ஊரில் விலாசத்தில் ‘ராம.’ இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கொத்தமங்கலத்து ஆச்சியிடம் போனேன். ஊரில் எந்தக் கல்யாணத்தில் என்ன பலகாரம், யார் கோபித்துக்கொண்டு எழுந்துபோனார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் வெறுந்தரையில் படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

“காணாமப் போச்சுன்னா நாலு வீட்டுல போய் கேக்கலாம். கூட இருக்குன்னு யாருகிட்டப் போய்க் கேப்பே?”

“அதான் ஆச்சி, என்ன செய்யிறதுன்னு தெரியல.”

“ஒரு வீட்டுல ஒண்ணு கொறையுதுன்னு அர்த்தம் தம்பி. அந்த வீட்டுல இத்தனை வருஷமா விடுதிக்காரவுகதான் எடுத்துட்டாகன்னு பேசியிருப்பாக. பேசுனதும் சரியாத்தானே இருக்கு?”

எனக்கு அது உறைத்தது. கரண்டி பதினொன்று போனதற்கு யாரையாவது திட்டலாம். அண்டா ஒன்று வந்ததற்கு நாங்கள்தான் திட்டு வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். நேரில் 31 பேர், ஜூமில் 14 பேர். முதலில் தேவாரம். பாடி முடிக்கும் வரை சிங்கப்பூர்க்காரர் ஒருவரின் மைக் திறந்திருந்து, அவர் வீட்டு மிக்ஸி கூடவே பாடியது. அங்கே அப்போது பன்னிரண்டரை மணி. அவருக்குப் பசி நேரம் என்பதால் எல்லாத் தீர்மானத்தையும் அவரே வழிமொழிந்துகொண்டிருந்தார். விடுதிக் கூரைக்கு ஓடு மாற்றிய வகையில் 4,18,000 ரூபாய். காப்பி ஆறுவதற்குள் நிறைவேறியது. கோயில் திருப்பணிக்கு வைப்புநிதியிலிருந்து எடுத்த தொகை. ஒருவர் கொட்டாவி விட்டார், நிறைவேறியது. புதுப் புள்ளி ஏழு, கைதட்டல். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. “பாத்திர இருப்பில் அண்டா ஒன்று கூடுதல்” என்று வாசித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திறந்தார்கள்.

“கூடவா? எப்படிக் கூடும்?” என்றார் ஒரு அண்ணன். குட்டி போட்டிருக்கும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான். அவன் அப்பச்சி திரும்பிப் பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டான்.

இளையாத்தங்குடிக் கோயில் பிரிவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்து, இது ரங்கூன் அண்டா, யுத்தத்தின்போது 1942இல் அவருடைய ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்றார். மாத்தூர்க் கோயில் பிரிவைச் சேர்ந்தவர் விடவில்லை. “அப்ப பாதிப்பேர் காட்டு வழியா நடந்துல்ல வந்தாக? உசுரக் கொண்டு வந்ததே பெருசு. அண்டாவத் தூக்கிட்டா வந்தாக?” முன்னவர் யோசித்து, தன் ஐயா கப்பலில் வந்தவர் என்று திருத்தினார். அப்படியானால் அண்டா உங்களுடையதுதானா, எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டேன். சட்டென்று உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டு இரண்டாங்கட்டில் ஏற்கெனவே எட்டு அண்டா கவிழ்ந்து கிடக்கிறது. விற்கவும் மனசில்லை, விளக்கவும் ஆளில்லை. எல்லா வீட்டிலும் அதே கதைதான். அண்டா என்னுடையது என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷம் அது காணாமல் போனதைக்கூடக் கவனிக்கவில்லை என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

படம் எடுத்து 76 ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம் என்றான் ஒரு தம்பி. போட்டால் செட்டிநாட்டில் உள்ள ராம. எல்லாரும் வண்டி பிடித்து வருவார்கள், அவர்களுக்குச் சாப்பாடு போடும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றார் கணக்குப்பிள்ளை.

அப்புறம் ஈயம். அந்த வருஷம் எல்லாப் பித்தளைக்கும் ஈயம் பூச வேண்டும். ஆறாவதுக்கும் பூசுவதா? பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், சாப்பிடுகிறவனுக்கு ஆகாது. பூசினால் அடுத்த வீட்டுச் சொத்துக்குச் சங்கப் பணத்தைச் செலவழித்த மாதிரி. இதை நாற்பது நிமிஷம் பேசினார்கள். காசியில் சத்திரம் கட்டி, இன்றைக்கும் விசுவநாதருக்குத் தினமும் பூஜைச் சாமான் அனுப்பிக்கொண்டிருக்கிற கூட்டம் நாங்கள். ஒரு அண்டாவுக்கு ஈயம் பூச முடியவில்லை. சிங்கப்பூர்க்காரர், “நான் பூசுக்கூலி தர்றேன், விடுங்கப்பா” என்று ஜூமிலிருந்து கத்தினார். அதை எதுல வரவு வைக்கிறது என்று கணக்குப்பிள்ளை கேட்க, அவர் திரையை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கடைசியில் வழி சொன்னதும் கணக்குப்பிள்ளைதான். கைக்கு வந்தது, யாருடையது என்று தெரியாதது, திருப்பிக் கொடுக்க வேண்டியது: இதற்குப் பேர் அனாமத்து. பணத்துக்கு மட்டும்தானா அனாமத்து, அண்டாவுக்கும் வைக்கலாம். ‘தீர்மானம் 6: இருப்பில் கூடுதலாகக் காணப்படும் பெரிய பித்தளை அண்டா ஒன்றை, உரியவர் வந்து கேட்கும்வரை அனாமத்துக் கணக்கில் வைத்திருப்பதென்றும், அதுவரை நல்ல நிலையில் பேணுவதென்றும் தீர்மானிக்கப்பட்டது.’ பேணுவது என்ற சொல்லுக்குள் ஈயத்தை ஒளித்து வைத்தவர் அவர்தான். அந்தக் கூட்டத்தில் அறிவாளி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன்.

எங்கள் சங்கம் 1975ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்தது. வருஷா வருஷம் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்தொகையைப் பார்த்துவிட்டு ஆடிட்டர் போன் செய்தார்.

“சார், அனாமத்துன்னு ஒரு வரி இருக்கு. தொகை போடலையே?”

“அது அண்டாங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “மதிப்பு ஏதாவது வேணும் சார்.”

மதிப்பு வேண்டுமென்றால் எடை வேண்டும். நானும் காவலாளியும் அதை ஆட்டோவில் ஏற்றி, பழைய பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனோம். 19 கிலோ. கடைக்காரர் என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், தேய்ந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். விற்க வரவில்லை, எடை மட்டும்தான் என்றேன். “எல்லாரும் முதல்ல அப்படித்தாண்ணே சொல்லுவாங்க” என்றார். எடைக்கூலி வாங்கவில்லை. அதற்கும் கணக்குப்பிள்ளை ரசீது கேட்பாரே என்ற கவலையோடு திரும்பி வந்தேன். ஆடிட்டர் சாரே இரக்கப்பட்டு, ஒப்புக்கு ஒரு ரூபாய் என்று போட்டுவிட்டார். அண்ணன் கூடுதலாக அனுப்பிய ஒரு ரூபாய் அந்த வருஷம். இந்த ஒரு ரூபாய் இந்த வருஷம். கணக்குப்பிள்ளை இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதினார்.

தை மாதம் எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில் சாந்திக் கல்யாணம். அறுபது முடிந்த அண்ணனுக்கு எண்ணூறு பேர் சாப்பாடு. ஆறு அண்டாவும் வேண்டுமென்று கேட்டார்கள். அனாமத்து அண்டாவை வாடகைக்கு விடலாமா என்ற கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. போயிற்று. சமையல்காரர் வேறு இரண்டு ஊரிலிருந்தும் பாத்திரம் எடுத்திருந்தாராம். விசேஷம் முடிந்து ஆறும் வந்து சேர்ந்தது என்று காவலாளி போனில் சொன்னார்.

மே மாதம் வந்தது, என் முறை முடிகிறது. மறுபடி பாத்திர அறை, மறுபடி டார்ச். கணக்குப்பிள்ளைக்கு முழங்கால் வலி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளேயிருந்து எண்ணிச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவதைத் தட்டினேன். கணீரென்றது. போன வருஷம் இப்படிச் சத்தம் வரவில்லையே என்று குனிந்து பார்த்தால், வளையம் இரண்டும் பித்தளை. கம்பி எங்கே? டார்ச்சைக் கழுத்துப் பக்கம் அடித்தேன். ‘வெ.சித.’ என்று நேற்றுக் கொத்தியதுபோல இருந்தது.

“எத்தனை?” என்றார் கணக்குப்பிள்ளை வெளியிலிருந்து.

காவலாளி என்னைப் பார்த்தார். நான் காவலாளியைப் பார்த்தேன்.

“ஆறு” என்றேன்.

“அஞ்சும் அனாமத்து ஒண்ணும் ஆறு. சரியாப் போச்சு” என்று எழுதினார். எழுத்து இருந்த பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.