அந்தச் சதவீதத்துக்கு யார் பொறுப்பு?

எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையில் அசைன்மென்ட் வந்ததும் முதலில் அதை ஏ.ஐ. எழுதியதா என்று கண்டறியும் மென்பொருளில் ஏற்றிவிடுகிறார்கள். எத்தனை சதவீதம் ஏ.ஐ. எழுதியது என்று அது ஒரு எண்ணைத் தரும். சதவீதம் அதிகமாகக் காட்டினால் இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்கள். போன செமஸ்டரில் அப்படி மாட்டிய ஒரு மாணவி, பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். ரஃப் நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். வரிக்கு வரி முதலில் பென்சிலில் தமிழ், அதன் கீழே பேனாவில் ஆங்கிலம். ‘மோர்ஓவர்’ என்பதை எழுதி, அடித்து, ஸ்பெல்லிங் பார்த்து மறுபடி எழுதியிருந்தாள். கட்டுரை அவளுடையதுதான், சந்தேகமே இல்லை.

அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதை வைத்தே இந்த மென்பொருள்களில் பல கணக்குப் போடுகின்றன; சுலபமாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது என்று சந்தேகிக்கின்றன. கைடு பார்த்து, தப்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்து எழுதும் பிள்ளைகளின் ஆங்கிலம் ஊகிக்கும்படிதானே இருக்கும்? 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தன் கண்டறியும் கருவியையே நிறுத்திவிட்டது.

“இத்தனை பேரையும் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா மேடம்?” என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வேலைப்பளு எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையைத் திருடி என்று சொல்வதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச முடியாதென்றால், அந்தக் குற்றச்சாட்டைச் சொல்லும் தகுதி நமக்கு ஏது?

திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தேர்வெழுதியவருக்கு உண்டு என்று 2011இல் சி.பி.எஸ்.இ. வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடைத்தாள் கையில் இருந்தால், இந்த வரிக்கு ஏன் மார்க் இல்லை என்று கேட்கலாம். மென்பொருள் தரும் எண்ணிடம் எதைக் கேட்பது? அதை நம்பி மார்க்கைக் குறைத்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது.

அந்த மாணவிக்கு மார்க் திரும்பக் கிடைத்தது. சதவீதத்தை மட்டும் வைத்து யாருக்கும் மார்க் குறைப்பதில்லை, ரஃப் நோட்டும் வைவாவும் (நேரில் கேள்வி கேட்பதும்) கட்டாயம் என்று துறையில் முடிவெடுத்திருக்கிறோம். இன்னொன்று பாக்கி. பிள்ளைகளின் எழுத்தை அவர்களைக் கேட்காமலேயே ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் எழுப்பப்போகிறேன்.