கால் மாத்திரை

பழக்கத்தை விட்டுக்கொண்டிருந்த எட்டு மாதம் என் தூக்க மாத்திரை எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் இருந்தது. பூட்டு கிடையாது. என் மனைவியைத் தவிர யாரும் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது என்று பேச்சு. இரவு ஒன்பதரைக்கு அவள் பிளேடால் நறுக்கித் தருவாள். நறுக்கும்போது உதிரும் வெள்ளைத் தூளை நான் விரல் நுனியில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தத் தூளில் என்ன இருந்துவிடப் போகிறது? எனக்கும் தெரியும். விரல்தான் கேட்கவில்லை.

நான் திருச்சிக்காரன். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். திருவிழா மேடையிலிருந்து இறங்கி, வயர்களைச் சுருட்டி, வேனில் ஏறி வீடு வந்து சேர விடியற்காலை ஆகிவிடும். 2016-ல் அப்பா தவறிய பிறகு பகல் தூக்கமும் போனது. பொது மருத்துவர் ஒருவர், பதற்றம் தணித்துத் தூங்கவைக்கும் அல்பிரசோலம் மாத்திரை 0.25 மில்லிகிராம் எழுதித் தந்தார். பத்து நாளைக்கு மட்டும். சீட்டிலேயே அப்படித்தான் இருந்தது. அந்தச் சீட்டை நான் லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், நிஜம். சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 அட்டவணை மருந்து அது. கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நான் மாற்றி மாற்றிப் போன நான்கு கடைகளில் ஒன்றில்தான் கேட்டார்கள். அங்கே போவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

ஆறு வருடத்தில் கால் மில்லிகிராம் இரண்டு மில்லிகிராமாக வளர்ந்தது. மேடை ஏறும் முன் ஒன்று, மிச்சம் இரவில். குழுவில் குடிக்கிற பையன்களுக்கு நான் அறிவுரை வேறு சொல்வேன். என்னுடையது டாக்டர் மாத்திரையாயிற்றே!

2022 பங்குனியில் ஒரு கச்சேரி. ஆயிரம் தடவை வாசித்த முன்னிசை. விரல் பாதியில் நின்றுவிட்டது. மறதிகூட இல்லை, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கீபோர்டு தம்பி சமாளித்துவிட்டான். திரும்பும் வழியில் யாரோ அனுப்பியிருந்த வீடியோவைப் போனில் பார்த்தேன். 1977 ஜூன், அமெரிக்காவின் ரேபிட் சிட்டி, ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. வெள்ளை உடை, வீங்கிய முகம், பியானோவில் உட்கார்ந்தபடி வியர்வை வழியப் பாடுகிறார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. எட்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, மெம்ஃபிஸில் கிரேஸ்லாண்ட் வீட்டுக் குளியலறையில் விழுந்து கிடந்தார். வயது 42. அன்று வேனில் எனக்கு 48.

எனக்கும் அவருக்கும் பழைய உறவு. பொன்மலை ரயில்வே காலனியில் எனக்கு கிட்டார் சொல்லித்தந்த ஆங்கிலோ-இந்திய மாஸ்டர் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்கு அடுத்தது எல்விஸ் படம்தான். அந்தப் படத்தின் முகத்தையும் போனில் பார்த்த முகத்தையும் ஒன்றாக்க முடியவில்லை. அடுத்த சில நாள் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். தெருவில் விற்கும் போதைப் பொருளை வெறுத்தவர். 1970 டிசம்பரில் வெள்ளை மாளிகைக்கே போய், அதிபர் நிக்சனிடம் போதைத் தடுப்புத் துறையின் பேட்ஜ் கேட்டு வாங்கி வந்தவர். அதே ஆள் 1973-ல் பெத்திடின் என்ற வலிநிவாரணி ஊசிப் பழக்கத்தோடு மெம்ஃபிஸ் மருத்துவமனையில் கிடந்தார். கண்ணில் நீர் அழுத்தம், ரத்தக் கொதிப்பு, வேலை செய்யாத பெருங்குடல். இறந்த பின் உடலில் வலி மருந்தான கோடீன், தூக்க மருந்துகளான மெத்தகுவாலோன், பார்பிச்சுரேட் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாமே மருந்துக்கடைச் சரக்கு.

அவருடைய டாக்டர் ஜார்ஜ் நிக்கோபுலஸ், 1977-ன் முதல் எட்டு மாதத்தில் மட்டும் அவர் பேரில் 10,000-க்கு மேல் மாத்திரையும் ஊசியும் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. 1980-ல் மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், 1981-ல் நீதிமன்றத்தில் விடுதலை, 1995-ல் உரிமமே பறிபோனது. அளவைக் குறைக்கத்தான் பார்த்தேன், மருந்தில்லாத போலி மாத்திரைகூடக் கொடுத்தேன் என்றார் அவர். அவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எழுதித் தந்தவரைத் திட்டும்போதெல்லாம் கேட்டு வாங்குகிறவனின் சாமர்த்தியத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது தெரியும். நான்கு கடைக்கு நான்கு கதை வைத்திருந்தவன் நான்.

சரி, விட்டுவிடுவோம் என்று ஒருநாள் இருந்த அட்டைகளையெல்லாம் கழிவறையில் கொட்டினேன். பெரிய வீரம். மூன்றாம் நாள் கை நடுக்கத்தில் டீ டம்ளர் பிடிக்க முடியவில்லை. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. சட்டை நனைய வியர்வை. மனைவி ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். ஓ.பி. சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் பெஞ்சில். இளம் மருத்துவர், என் அக்கா மகள் வயதுதான் இருக்கும். "இதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது சார். வலிப்பு வராதது உங்க அதிர்ஷ்டம்" என்றார். லேமினேட் சீட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்து, திருப்பித் தந்தார். திட்டவில்லை.

அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடுமாம். மதியம் எனக்கு வரும் படபடப்பை நான் பிரஷர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அடுத்த மாத்திரைக்கான பசி. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அதே வகையில் மெதுவாக இறங்கும் டயசிபாம் மாத்திரைக்கு மாற்றினார். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குறைப்பு. நான் அவசரப்பட்டால் அவர் நிதானப்படுத்துவார். ஒவ்வொரு உடம்புக்கும் கணக்கு வேறு என்பதால் என் அளவுகளை வரிசையாக இங்கே எழுதவில்லை. யாரும் இதைப் பார்த்து வீட்டில் பிளேடு எடுக்க வேண்டாம்.

யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் சத்தம். எவர்சில்வர் தட்டை வைக்கிற சத்தம் பல்லுக்குள் இறங்கும். மனைவி சமையல் மேடையில் துண்டு விரித்து அதன்மேல் பாத்திரம் கவிழ்ப்பாள். பிழைப்பே சத்தம்தான் எனக்கு. ஆடி மாதக் கச்சேரிகள் அத்தனையையும் விட்டேன். வளையலை அடகு வைத்தோம். தாடை இறுகி, காலையில் இட்லி மெல்லவே வலிக்கும்.

ஐந்தாம் மாதம் தவறினேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. ஸ்பீக்கர் அலறலில் நடுங்கிக்கொண்டிருந்தபோது குழு ஆள் ஒருவன், "ஒண்ணே ஒண்ணுதாண்ணே" என்று நீட்டினான். போட்டேன். அன்று அருமையாக வாசித்தேன், அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் மனைவியிடம் சொல்ல மதியம் வரை ஆனது. மருத்துவர் நோட்டில் குறித்துக்கொண்டு, அந்த இரண்டு வாரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னார்.

கடைசியில் டயசிபாம் 2 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, அப்புறம் கால். அந்தக் கால் துண்டை விடத்தான் ஒன்றரை மாதம் பிடித்தது. விட்ட இரவு, பால்காரர் சைக்கிள் மணி கேட்கும்வரை விழித்தே கிடந்தேன். மனைவியும்தான். அடுத்த வாரம் பார்த்தால் அந்தக் கிண்ணத்தில் வெந்தயம் இருந்தது.

இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறேன். கச்சேரி இரவுகளில் அதுவும் இல்லை. அந்த முன்னிசை திரும்பி வந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இன்னும் கையைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன்.