மருந்தியல் ரிவிஷன்: பெயர்ப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டுப் படிக்கும் முறை

பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களோடு உட்கார்ந்து மருந்தியலைத் திருப்பிப் பார்க்கும்போது, மருந்துப் பெயர்ப் பட்டியலை நாங்கள் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். முதலில் எடுப்பது தன்னியக்க நரம்பு மண்டலம், அதாவது இதயம், குடல் போன்றவற்றை நம் விருப்பமின்றித் தானாக இயக்கும் நரம்புகள். அது பிடிபட்டுவிட்டால் ஆஸ்துமா இன்ஹேலர், பீட்டா பிளாக்கர், அட்ரினலின், அட்ரோபின் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்துவிடும்.

ஒரு வெள்ளைத்தாளில் இதயம், மூச்சுக்குழாய், கண்மணி, குடல், சிறுநீர்ப்பை, சுரப்பிகள் என்று வரிசையாக எழுதச் சொல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பரிவு நரம்பு (சிம்பதெடிக்) என்ன செய்யும், துணைப்பரிவு நரம்பு (பாராசிம்பதெடிக்) என்ன செய்யும், எந்த ஏற்பி (ரிசெப்டர்) வழியாகச் செய்யும் என்று நிரப்ப வேண்டும். பிறகு மருந்தைச் சொல்லிக் கேட்போம். ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டி மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. கை நடுக்கமும் படபடப்பும் ஏன் வருகின்றன, இரத்தத்தில் பொட்டாசியம் ஏன் குறைகிறது என்பதற்கும் பதில் அந்தத் தூண்டுதலில்தான் இருக்கிறது. பீட்டா பிளாக்கரான ப்ராப்ரனலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் தடுப்பதால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. சர்க்கரை தாழ்ந்தால் வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அதனால் இன்சுலின் போடுகிற நோயாளியிடம் வியர்வையைக் கவனிக்கச் சொல்லித் தருகிறோம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து நச்சைவிட நல்ல பாடம் கிடையாது. தமிழ்நாட்டு மருத்துவமனை வார்டுகளில் மாணவர்கள் அதை நேரிலேயே பார்ப்பார்கள். நச்சு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்க, அந்த நொதி சிதைக்க வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருள் தேங்குகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் கண்ணீரும் வழியும், நாடி இறங்கும், நுரையீரலில் சளிநீர் நிரம்பும். இவை மஸ்கரினிக் ஏற்பி வழியாக வரும் விளைவுகள். அட்ரோபின் தடுப்பது இவற்றைத்தான். தசைத் துடிப்பும் தசைத் தளர்ச்சியும் நிக்கோட்டினிக் ஏற்பி வழியாக வரும் விளைவுகள்; அவற்றை அட்ரோபின் தொடாது. நெஞ்சு தெளிவான பிறகும் மூச்சுத் தசை சோர்ந்துபோய் வென்டிலேட்டர் தேவைப்படுவது இதனால்தான்.

நம் ஊரில் அட்ரோபின் பெரும்பாலும் 0.6 மி.கி. ஆம்பியூலாக வருகிறது. பெரியவருக்குத் தொடக்க டோஸ் 1.8 முதல் 3 மி.கி., அதாவது 3 முதல் 5 ஆம்பியூல். 5 நிமிடம் கழித்துப் பார்த்து, முன்னேற்றம் இல்லையென்றால் டோஸை இரட்டிப்பாக்குவார்கள். எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு ‘கண்மணி விரியும்போது’ என்று எழுதுகிறவர்கள் மிகப் பலர். அது தவறு. ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சு தெளிவாகக் கேட்க வேண்டும், நாடி 80-க்கு மேலும் மேல் இரத்த அழுத்தம் 80-க்கு மேலும் வர வேண்டும். நோயாளி பிதற்றுகிறார், உடம்பு கொதிக்கிறது, குடல் ஒலி கேட்கவில்லை என்றால் அட்ரோபின் அளவு மிஞ்சிவிட்டது.

அடுத்து டோஸ் கணக்கு. சூத்திரம் ஒன்றுதான்: வேண்டிய அளவைக் கையிருப்பின் அளவால் வகுத்து, கையிருப்பு எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். சறுக்குவது லேபிளில். 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. ஆகிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.2 மி.லி.; 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3.6 மி.லி. மட்டுமே. ‘ஒரு மூடி கொடுங்கள்’ என்று தாயிடம் சொல்லி அனுப்பக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியாவில் மி.லி.க்கு 40 யூனிட் வயலும் (மருந்துக் குப்பி) 100 யூனிட் வயலும் புழக்கத்தில் இருக்கின்றன. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.5 மி.லி., அதாவது 50 யூனிட். நோயாளிக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மாற்றி, 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 20 யூனிட்டுக்குப் பதில் 8 யூனிட்தான் போகும். வயலையும் சிரிஞ்சையும் ஒருசேரக் கையில் வைத்து, இரண்டிலும் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை வகுப்பிலேயே ஏற்படுத்திவிட வேண்டும்.

டிரிப் கணக்கு எளிது. 500 மி.லி. 4 மணி நேரத்தில், மி.லி.க்கு 20 சொட்டு செட் என்றால் 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மைக்ரோ செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

பொட்டாசியம் குளோரைடு 15 சதவீத 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. அதை நேரடியாகச் சிரையில் (இரத்தக் குழாயில்) தள்ளினால் இதயம் நின்றுவிடும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் சேர்த்துவிட்டுக் குலுக்காமல் விட்டாலும் ஆபத்துதான். மருந்து அடியில் தேங்கி, முதலில் இறங்குவது அடர்ந்த கரைசலாக இருக்கும். பாட்டிலைக் கழற்றி, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலந்த பிறகே மாட்ட வேண்டும்.

பொட்டாசியத்தோடு இதய மருந்தான டிகாக்சினையும் சேர்த்தே படிக்கச் சொல்கிறோம். சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும்; பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நச்சு கூடும். குமட்டல், பொருள்கள் மஞ்சளாகத் தெரிவது, சீரற்ற நாடி ஆகியவை அறிகுறிகள். டிகாக்சின் டோஸ் கொடுக்கும் முன் இதய முனைத் துடிப்பை (நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது) முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவருக்கு 60-க்குக் கீழ் இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாடிக்குகளை, ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்லி, வேகமாகக் கடந்துவிடலாம். ஜென்டாமைசினுக்குச் சிறுநீரகப் பாதிப்பும் காதுப் பாதிப்பும். ரிஃபாம்பிசினுக்கு ஆரஞ்சு நிறச் சிறுநீரும், கருத்தடை மாத்திரையின் பலன் குறைவதும். செஃப்ட்ரியாக்சோனை ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் திரவத்தில் கலக்கக் கூடாது, அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிவாகிவிடும்.

ஊசி போட்டதும் அனாபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான திடீர் ஒவ்வாமை) வந்தால் பெரியவருக்கு அட்ரினலின் 1:1000 (மி.லி.க்கு 1 மி.கி.), 0.5 மி.லி., தொடையின் வெளிப்புறத் தசையில். தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும். இதயம் நின்றவருக்குத்தான் 1 மி.கி. சிரை வழியாக, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. அளவோடு வழியையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.