கொதிக்கும் குடுவையும் வெதுவெதுப்பான பொடியும்

பொடியிலிருந்து சேர்மங்களைக் கரைப்பானால் பிரித்தெடுக்கும் சாக்ஸ்லெட் கருவியில் மூலிகைப் பொடியை ஏற்றி, குடுவையில் கரைப்பானைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களிடம், பொடி இப்போது என்ன வெப்பநிலையில் இருக்கிறது என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலோர் கரைப்பானின் கொதிநிலையையே விடையாகச் சொல்வார்கள். எத்தனால் என்றால் 78 டிகிரி, ஹெக்ஸேன் என்றால் 69 டிகிரி. ஆனால் கருவியின் அமைப்பைச் சற்று உற்றுப் பார்த்தால் அந்த விடை பொருந்தாது என்பது விளங்கும். கொதிப்பது கீழே உள்ள குடுவை மட்டுமே. ஆவி பக்கக் குழாய் வழியே மேலேறி, குளிர்விப்பானில் குளிர்ந்து, துளித்துளியாகத் திம்பிள் எனும் கெட்டித் தாள் உறையில் உள்ள பொடியின் மேல் விழுகிறது. ஆகவே பொடி நனைவது கொதிநிலைக்குக் கீழே உள்ள, வெதுவெதுப்பான, புதிதாக வடிந்த கரைப்பானில்தான். திம்பிளைச் சுற்றிக் கரைப்பான், பக்கத்தில் வளைந்திருக்கும் சைபன் குழாயின் உச்சிவரை நிரம்பியதும், கரைந்த சேர்மங்களையும் இழுத்துக்கொண்டு மொத்தமாகக் குடுவைக்குள் இறங்கிவிடுகிறது. அடுத்த சுற்றில் கரைப்பான் மட்டும் மீண்டும் ஆவியாக மேலேறுகிறது. பிரிந்து வந்த சேர்மமோ குடுவையிலேயே தங்கி, நாம் அடுப்பை அணைக்கும்வரை மணிக்கணக்கில் கொதிக்கிறது.

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரியில் முதுநிலை வேதியியல் செய்முறை வகுப்புகளை நடத்திவரும் எனக்கு, இந்த ஒரு செய்தியை மாணவர்களின் மனத்தில் பதியவைப்பதே தலையாய வேலையாகத் தோன்றுகிறது. எந்தக் கரைப்பான், எத்தனை மணி நேரம் என்பவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, நாம் தேடும் சேர்மம் அந்தக் கொதிப்பைத் தாங்குமா என்பதுதான்.

வேதியியலர் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் 1879-இல் இக்கருவியை வெளியிட்டது மூலிகைகளுக்காக அன்று. பாலில் உள்ள கொழுப்பை அளப்பதற்காக. கொழுப்பு ஈதரின் கொதிநிலையை எளிதில் தாங்கும். அதனால் அவருடைய தேவைக்கு இக்கருவி மிகப் பொருத்தமாக இருந்தது. நம் மாணவர்கள் கொண்டுவரும் பொருட்கள் எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல. ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிவரும் மிளகு இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். மிளகில் 5 முதல் 9 விழுக்காடு வரை உள்ள, அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரின் எத்தனாலில் நன்கு கரையும். சில மணி நேரக் கொதிப்பில் சிதைவதில்லை. சாற்றைச் சுண்டவைத்து, ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துப் பிசினை விலக்கி, சிறிது நீர் விட்டு ஆறவைத்தால் மஞ்சள் நிறப் படிகங்கள் விழும். டென்மார்க் அறிவியலர் ஓர்ஸ்டெட் 1819-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரித்தெடுத்த அதே பொருளைத் தம் கையால் படிகமாகக் காணும்போது மாணவர்களுக்கு வரும் மகிழ்ச்சி எனக்கு இன்றும் சலிக்கவில்லை. ஆனால் பைப்பரின் வெளிச்சத்தில் வடிவம் மாறக்கூடியது என்பதால் குடுவையைச் சன்னல் ஓரத்தில் வைக்கக் கூடாது.

துளசியின் கதை வேறு. அதன் மணத்துக்குக் காரணமான யூஜெனால் போன்ற எளிதில் ஆவியாகும் பொருட்களில் ஒரு பகுதி, கரைப்பானை ஓட்டும்போது அதனுடன் சேர்ந்தே போய்விடும். அதற்கு 1928 முதல் வழக்கில் உள்ள கிளெவெஞ்சர் கருவியில் நீராவி வடிப்பதே முறை. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் வெப்பத்தில் சிதையும் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. பருப்பில் உள்ள எண்ணெயை முதலில் ஹெக்ஸேனால் நீக்கிவிட்டு, எஞ்சிய பிண்ணாக்கை அறை வெப்பநிலையில் மெத்தனாலில் ஊறவைப்பதையே நான் பரிந்துரைப்பேன். நேரம் கூடுதலாகும், கரைப்பானும் கூடுதலாகச் செலவாகும். இருந்தாலும் தேடிய பொருள் மிஞ்சும். (அந்த ஹெக்ஸேன் நம் பக்கத்துச் சரக்குதான், மணலி சுத்திகரிப்பு ஆலையின் விளைபொருட்களில் அதுவும் ஒன்று.)

வெப்பத்தைக் குறைத்ததால் ஒரு மருந்தே கிடைத்த வரலாறு உண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன அறிவியலர் தூ யூயூ, ஒரு செடியின் சாறு ஒரு முறை பலன் தந்தும் மறுமுறை தராமலும் போனதைக் கண்டு, நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பைத் திரும்பப் படித்தார். அதில் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை. சுமார் 35 டிகிரியில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு அவர் 1971-இல் எடுத்த சாறுதான் எலிகளில் முழுப் பலன் தந்தது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் அதிலிருந்து வந்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது.

அந்த ஈதர் எனக்கு எப்போதும் நம் ஊரின் தண்ணீரை நினைவூட்டும். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையில் பட்டாலே சுடும். அந்த நீரைக் குளிர்விப்பானில் ஓடவிட்டு 35 டிகிரியில் கொதிக்கும் திரவத்தின் ஆவியைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆவி முழுவதும் அறைக்குள் வந்து, தீப்பொறி ஒன்றுக்காகக் காத்திருக்கும். 40 முதல் 60 டிகிரி வரை கொதிக்கும் பெட்ரோலியம் ஈதருக்கும் இதே நிலைதான். இதோடு வீணாகும் நீரின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரத்தில் ஒரு கருவி 480 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தெருவுக்குத் தெரு குடங்கள் வரிசையில் நின்றதைக் கண்ட எங்களுக்கு அப்படிக் குழாயைத் திறந்துவிட மனம் வரவில்லை. மீன் தொட்டிகளுக்குப் போடும் சிறு மோட்டாரைக் கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கி, பனிக்கட்டி போட்ட வாளியிலிருந்து நீரைச் சுற்றவிட்டு, அதே வாளிக்குத் திருப்பிக்கொள்கிறோம். குளிர்ச்சியும் சீராக இருக்கிறது, நீரும் மிச்சமாகிறது. ஒரு எச்சரிக்கையை மட்டும் சொல்ல வேண்டும். மோட்டாரையும், குடுவையைச் சூடாக்கும் மின் அடுப்பான ஹீட்டிங் மேண்டிலையும் ஒரே இணைப்பில் வைத்தால்தான், மின்சாரம் நின்றால் இரண்டும் ஒன்றாக நிற்கும். மோட்டார் மட்டும் பழுதாகி மேண்டில் சூடேற்றிக்கொண்டே இருக்க நேரலாம் என்பதால், ஆளில்லாமல் கருவியை விட்டுச் செல்லவே கூடாது.

பொடியை உலர்த்துவதிலும் கடலோர ஊருக்கென்று ஒரு சிக்கல் உள்ளது. காசிமேடு, ராயபுரம் பக்கத்து ஈரக்காற்றில், பகலில் நிழலில் உலர்ந்த இலை இரவில் மறுபடியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரப் பொடிக்குள் ஹெக்ஸேன் எளிதில் நுழையாது. எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, உடனே காற்றுப் புகாத புட்டியில் அடைப்பது நல்லது. மாவைப்போல் நைசாக அரைப்பதும் தவறு. கரைப்பான் பொடிக்குள் இறங்காமல் தேங்கும், துகள் தாளைத் தாண்டிக் குடுவைக்குள் போய்ச் சேரும்.

சைபனில் இறங்கும் திரவம் நிறமற்றுப் போனதும் வேலை முடிந்தது என்று கருவியை நிறுத்துவது பரவலான வழக்கம். இலைகளில் பச்சை நிறம் நின்றது என்றால் பச்சையம் தீர்ந்தது என்பதே பொருள். தேடும் சேர்மம் நிறமற்றதாக இருந்தால் அது இன்னும் வந்துகொண்டிருக்கலாம். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு அப்படிப்பட்டது. சைபனிலிருந்து சில துளிகளை எடுத்து, சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா தகட்டில் வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும். அதன்பின் கரைப்பானை ஓட்டும்போதும் திறந்த கிண்ணத்தில் சூடாக்காமல், சுழல் ஆவியாக்கியில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டால், 175 மில்லிபாரில் எத்தனால் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

திட்டப்பணி அறிக்கைகளில் ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு, டானின் என்று வரிசையாக எழுதி, எதிரே உண்டு, இல்லை என்பதற்குக் கூட்டல் கழித்தல் குறிகளை இட்ட அட்டவணை மட்டும் இருந்தால் நான் இப்போது ஏற்பதில்லை. கரைப்பான், பொடியின் எடை, சைபன் இறங்கிய சுற்றுகளின் எண்ணிக்கை, குடுவை கொதித்த மொத்த நேரம், குளிர்விப்பு நீரின் வெப்பநிலை ஆகியவை குறிப்பேட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். அதே பொடியை அறை வெப்பநிலையில் ஊறவைத்து எடுத்த சாற்றையும் சூட்டில் எடுத்த சாற்றையும் ஒரே தகட்டில் அருகருகே ஓட்டி, சூட்டில் காணாமற்போன புள்ளி எது, புதிதாகத் தோன்றிய புள்ளி எது என்று குறிக்கச் சொல்கிறேன்.