ஒரே பெயர், வேறு வேறு கடல்: தீவுகளைப் பிரித்துப் படித்த விதம்

போட்டித் தேர்வுக்கு உலகப் புவியியல் படிக்கும்போது என்னை அதிகம் படுத்தியவை ஒரே பெயர் கொண்ட தீவுகள்தான். முதலெழுத்துகளைக் கோத்துச் சூத்திரம் போடுவது இதற்கு உதவாது. பெயரே ஒன்றாக இருக்கும்போது எதைக் கோப்பது? அட்லஸை விரித்து, ஒவ்வொரு தீவும் எந்தக் கடலில், யார் கையில், எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

கோகோவிலிருந்து தொடங்குங்கள், நமக்கு ரொம்பப் பக்கம். மியான்மரின் கோகோ தீவுகள் வட அந்தமானுக்கு வடக்கே உள்ளன. நடுவில் இருக்கும் கடல்வழிதான் கோகோ கால்வாய். கோகோஸ் (கீலிங்) தீவுகள் ஆஸ்திரேலியாவுடையவை. சுமத்ராவுக்குத் தென்மேற்கே, சுமார் 12 டிகிரி தெற்கு அட்சத்தில். மூன்றாவது கோகோஸ் பசிபிக்கில், கோஸ்டா ரிகாவுக்குச் சொந்தம்; 1997இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

கீலிங்கை மறக்காமல் இருக்க எனக்கு எம்டன்தான் உதவியது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய அதே ஜெர்மன் கப்பல், நவம்பர் 9 அன்று கீலிங்கின் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. அங்கே ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பலிடம் சிக்கி, அடிபட்டுத் தரைதட்டியது. கடலடித் தந்திக் கம்பிகள் சந்திக்கும் இடம் என்பதால்தான் அந்தச் சின்னத் தீவுக்கு அவ்வளவு மதிப்பு. வரலாறும் புவியியலும் ஒரே பக்கத்தில் முடிகிறது பாருங்கள்.

அடுத்து கிறிஸ்துமஸ் தீவு. இந்தியப் பெருங்கடலில் இருப்பது ஜாவாவுக்குத் தெற்கே, கடலடி எரிமலை உயர்ந்து நிற்கும் மேட்டு நிலம். பாஸ்பேட் சுரங்கமும், மழை தொடங்கியதும் கடலை நோக்கிக் கிளம்பும் சிவப்பு நண்டுகளும் இங்கேதான். 1958இல் சிங்கப்பூர் நிர்வாகத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனது. பசிபிக்கில் இருப்பது கிரிபாட்டி நாட்டின் தாழ்வான பவளத் தீவு; நிலப்பரப்பில் உலகின் மிகப் பெரிய வட்டப் பவளத்தீவு. 1777 கிறிஸ்துமஸ் சமயத்தில் கேப்டன் குக் வந்திறங்கியது இங்கேதான். 1950களின் பிற்பகுதியில் பிரிட்டன் இங்கு அணுகுண்டுச் சோதனை நடத்தியது. மேற்குத் தீர்க்கம் 157 டிகிரியில் இருந்தும் புத்தாண்டு இங்கே முதலில் பிறக்கிறது. 1995இல் கிரிபாட்டி, நாள் மாறும் எல்லையான தேதிக்கோட்டைக் கிழக்கே தள்ளியதுதான் காரணம். கூற்று, காரணம் வகைக் கேள்விக்கு இது அருமையான தீனி.

செயின்ட் பால், பிரின்ஸ் எட்வர்ட் இரண்டையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். முன்னது தென் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கும் பேரிங் கடலில் அலாஸ்காவுக்கும் உண்டு. பின்னது ஒருமையில் கனடாவின் மாகாணம், பன்மையில் தென் இந்தியப் பெருங்கடலில் தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான தீவுகள். அதற்கு மேல் இதில் நேரம் போடாதீர்கள். மிச்ச நேரத்தில் வெற்று மேப் எடுத்து, அந்தமான் பக்கத்துக் கடல்வழிகளான கோகோ கால்வாய், டங்கன் கணவாய், பத்து டிகிரி கால்வாய் மூன்றையும் வடக்கிலிருந்து தெற்காகக் குறித்துப் பழகுங்கள்.